முறுக்கில்தான் பிடி: முள்கம்பி பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்கச் சமவெளியின் மாட்டுப் பண்ணைகள், முள்கம்பி ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் பக்கம் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலிதான். மாடு தாண்டாது, செலவும் இல்லை. அமெரிக்காவில் இப்படி உயிர்வேலி கிடையாதா? ஏன் கம்பிக்குப் போனார்கள்?
- வாசகர், காங்கேயம்

உண்டு. கிளுவைக்கு அங்கே ஒரு பங்காளி இருந்தது. ஓசேஜ் ஆரஞ்சு என்று பெயர். கிளையெல்லாம் முள், கட்டை இரும்பு மாதிரி. இல்லினாயில் ஜோனதன் பால்ட்வின் டர்னர் என்ற பேராசிரியர் இதை ஊர் ஊராகப் பரப்பினார். நாற்றை நெருக்கமாக நட்டு, வளர வளரத் தலையை வெட்டி, கிளைகளை ஒன்றுக்குள் ஒன்று மடக்கிப் பின்னுவார்கள். நல்ல வேலிக்கு அவர்கள் சொன்ன இலக்கணம்: குதிரை தாண்டாத உயரம், காளை தள்ள முடியாத பலம், பன்றி நுழையாத நெருக்கம்.

குறை மரத்தில் இல்லை, காலத்திலும் நீளத்திலும்தான். மாட்டைத் தடுக்கும் அளவுக்கு அது வளர 4, 5 வருடம் ஆகும். அதுவரை பயிரை யார் காப்பது? 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி குடியேறிய ஒருவருக்குக் கிடைத்தது 160 ஏக்கர். அது பக்கத்துக்கு அரை மைல் கொண்ட சதுரம். சுற்றிவர 2 மைல், அதாவது 3.2 கிலோமீட்டர். அந்த நீளத்துக்கு நாற்று நட்டு, காய விடாமல் காத்து, வருடா வருடம் கவாத்து செய்ய ஒரு குடும்பத்துக்குக் கை போதாது. நம்மூர்க் கிளுவை போத்து (வெட்டிய கிளை) நட்டாலே பிடித்துக்கொள்ளும் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

கிழக்கு மாநிலங்களில் காடு இருந்தது. மரத்தைப் பிளந்து கோணல்மாணலாக அடுக்கி வேலி போட்டார்கள். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே சமவெளிக்குப் போனால் ஆற்றங்கரையைத் தவிர மரமே கிடையாது, வெறும் புல்வெளி. முள் இல்லாத வெறும் கம்பியை அங்கே கட்டிப் பார்த்தார்கள். மாட்டுக்கு அது முதுகு சொறிய வசதியாகப் போனது. சாய்ந்து சாய்ந்து தளர்த்திவிட்டு வெளியே வந்துவிடும். வெயிலில் கம்பி தொய்ந்தது, பனியில் அறுந்தது.

அங்கே அப்போது இருந்த வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். மாடு எங்கும் மேயலாம், பயிர் வைத்தவன்தான் வேலி போட வேண்டும். அதனால் வேலிக்கு முதலில் அலைந்தவன் விவசாயி, மாட்டுக்காரன் அல்ல. பின்னாளில் ஓசேஜ் ஆரஞ்சு வீணாகவில்லை. அதன் கட்டை மண்ணில் எளிதில் மக்காது என்பதால், முள்கம்பியைத் தாங்கும் கம்பமாகவே அதை வெட்டிக்கொண்டார்கள்.

முள்கம்பியைக் கண்டுபிடித்தவர் ஜோசப் கிளிடன் என்று ஒரு புத்தகத்திலும், வேறு பெயர் இன்னொன்றிலும் இருக்கிறது. எது சரி?
- கல்லூரி மாணவி, திருச்சி

கம்பியில் முள் வைக்கலாம் என்று முதலில் யோசித்தவர் கிளிடன் அல்ல. 1867இல் ஒகையோவின் லூசியன் ஸ்மித் ஒரு காப்புரிமை பெற்றார். 1868இல் மைக்கேல் கெல்லி இன்னொன்று பெற்றார், அதற்கு முள்வேலி என்றே பெயர். இவையெல்லாம் காகிதத்தில் இருந்த அளவுக்குக் காட்டில் இல்லை.

1873இல் இல்லினாயின் டிகால்ப் ஊர்ச் சந்தையில் ஹென்றி ரோஸ் என்ற விவசாயி ஒரு மரச்சட்டத்தில் ஆணிமுனைகளை அடித்துக் காட்சிக்கு வைத்தார். அந்தச் சட்டத்தை வேலிக் கம்பியில் தொங்கவிட்டால் மாடு நெருங்காது என்பது அவர் யோசனை. அதைப் பார்த்து மூன்று பேர் தனித்தனியாக வீட்டுக்குப் போய் யோசித்தார்கள். விவசாயி கிளிடன், இரும்புக்கடைக்காரர் ஐசக் எல்வுட், மரக்கடைக்காரர் ஜேக்கப் ஹேஷ். மூவருக்கும் ஒரே கேள்வி: சட்டம் எதற்கு, முள்ளைக் கம்பியிலேயே வைத்தால் என்ன?

வைத்தால் ஒரு தொல்லை. ஒற்றைக் கம்பியில் சுற்றிய முள் மணியைப் போல வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு மாடு உரசினால் பத்தடியில் உள்ள முள்ளெல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நகராமல் நின்றாலும் சுழலும். கிளிடன் முள்ளை வளைக்க வீட்டுக் காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரத்தைப் பயன்படுத்தினார். பிறகு முள் ஏறிய கம்பியோடு இன்னொரு கம்பியைச் சேர்த்து, சாணைக்கல்லின் கைப்பிடியைச் சுற்றி இரண்டையும் முறுக்கினார். இரண்டாவது கம்பி முள்ளின் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டது. வழுக்கலும் இல்லை, சுழலும் இல்லை. 1874 நவம்பர் 24இல் கிடைத்த 157,124ஆம் எண் காப்புரிமையின் உயிர் அந்த இரண்டாவது கம்பிதான்.

முறுக்கு இன்னொரு வேலையும் செய்தது. 400 மீட்டர் எஃகுக் கம்பி, வெப்பம் 40 டிகிரி குறைந்தால் சுமார் 19 சென்டிமீட்டர் சுருங்கப் பார்க்கும், கிட்டத்தட்ட ஒரு சாண். இரண்டு முனையும் கட்டியிருக்கும் ஒற்றைக் கம்பி அந்த இழுப்பில் அறும். முறுக்கிய கம்பி சுருள்வில் போலக் கொஞ்சம் கொடுத்து வாங்கும். வெறும் கம்பியை வீழ்த்திய இரண்டு குறைகளும் ஒரே முறுக்கில் பெருமளவு தீர்ந்தன.

எல்வுட் கெட்டிக்காரர். தன் யோசனையைவிடக் கிளிடனுடையது நல்லது என்று ஒப்புக்கொண்டு, காப்புரிமையில் பாதியை 265 டாலருக்கு வாங்கிவிட்டார். 1876இல் மசாசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரின் வாஷ்பர்ன் அண்ட் மோயென் என்ற கம்பி ஆலை, கிளிடனின் மீதிப் பாதியை 60,000 டாலருக்கும், விற்கும் ஒவ்வொரு 100 பவுண்டு கம்பிக்கும் 25 சென்ட் உரிமைத் தொகைக்கும் வாங்கியது. ஹேஷ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எஸ் எழுத்து வடிவத்தில் தனி முள்ளுக்கு 1875இல் காப்புரிமை பெற்று, வழக்கும் வியாபாரமுமாகப் பல வருடம் மோதினார். இந்தக் காப்புரிமைச் சண்டைகளுக்கு உச்ச நீதிமன்றம் 1892இல்தான் முடிவு கட்டியது. தீர்ப்பு கிளிடன் பக்கம். அதற்குள் காப்புரிமையின் ஆயுளே முடிந்துவிட்டிருந்தது. விற்பனை வேகத்தைப் பார்த்தால் இவ்வளவு சண்டை ஏன் என்று புரியும்: 1876இல் 28 லட்சம் பவுண்டு, 1880இல் 8 கோடி பவுண்டு.

கடையில் வாங்கும் கம்பியில் இந்த முறுக்கைச் சோதித்துப் பார்க்க முடியுமா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

முடியும். ஒரு முழ நீளத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிங் பிளேயரால் ஒரு முள்ளைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். லேசாகத் தள்ளியதுமே நகர்ந்தால் முறுக்குத் தளர்வு. அந்தக் கட்டு வேண்டாம். அடுத்து முள்ளின் முனையைப் பாருங்கள். சாய்வாக வெட்டியிருக்க வேண்டும். நேராக வெட்டியிருந்தால் மொட்டையாக இருக்கும், குத்தாது. கடைசியாக முள் சுற்றியுள்ள வளைவைப் பாருங்கள். அங்கே துத்தநாக முலாம் செதில் செதிலாக உரிந்திருந்தால் முதல் மழைக்காலத்திலேயே துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

முள்கம்பி மாட்டைக் கிழித்துவிடாதா? அந்தக் காலத்துப் பண்ணைக்காரர்கள் எப்படி ஒத்துக்கொண்டார்கள்?
- கால்நடை உதவியாளர், புதுக்கோட்டை

முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பயம் நியாயமானதுதான். ஆரம்ப காலக் கம்பிகளில் முள் நீளம், முனை கூர்மை. டெக்சாசில் காயம் பட்ட இடத்தில் ஒருவகை ஈ முட்டையிடும். அதன் புழு செத்த சதையை விட்டுவிட்டு உயிருள்ள சதையைத் தின்னும். அதனால் சின்னக் கீறலே மாட்டைக் கொன்றுவிடும். இந்தக் கம்பிக்குப் பிசாசுக் கயிறு என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

உற்பத்தியாளர்கள் இரண்டு வழியில் இறங்கிவந்தார்கள். முள்ளைக் குட்டையாக்கினார்கள். கூடவே, கண்ணுக்குத் தெரியும் கம்பி என்று ஒரு வகை வந்தது: அகலமான தகடு, நடுவில் மரக்கட்டை, பெரிய உலோகத் தட்டு என்று எதையாவது சேர்த்து, ஓடிவரும் மாடு தூரத்திலேயே பார்த்து நிற்கும்படி செய்தார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் விலையும் எடையும் கூடின. கடைசியில் நிலைத்தது குட்டை முள், இரட்டைக் கம்பி.

முள்கம்பி மாட்டைப் பலத்தால் தடுப்பதில்லை. மிரண்டு ஓடிவரும் 500 கிலோ மாட்டை நிறுத்தும் சக்தி நாலு கம்பிக்கு இல்லை. மாடு ஒருமுறை மூக்கைக் குத்திக்கொள்கிறது, பிறகு நெருங்குவதில்லை, அவ்வளவுதான். அதனால் புதிதாக வாங்கிவந்த மாடுகளைப் புதுவேலிக்குள் இருட்டில் இறக்கிவிடக் கூடாது. பகலில் விட்டு, வேலி எங்கே இருக்கிறது என்று அவை நடந்து பார்க்க நேரம் தர வேண்டும். குதிரைக்கு முள்கம்பி ஆகவே ஆகாது. மாடு சிக்கினால் பெரும்பாலும் நிற்கும். குதிரை பதறி இழுத்துத் தன் காலைத் தானே அறுத்துக்கொள்ளும்.

1876இல் ஜான் கேட்ஸ் என்ற இளம் விற்பனையாளர் சான் அன்டோனியோ நகரச் சதுக்கத்தில் கம்பி வேலி கட்டி, உள்ளே நீளக்கொம்பு மாடுகளை விட்டுக் காட்டினார், அவை வேலியை உடைக்கவில்லை, ஆர்டர் குவிந்தது என்பது பிரபலமான கதை. விற்பனையாளர் கதை என்பதால் வருடத்துக்கு வருடம் மாடுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. கிளிடன் செய்த விளம்பரம் இதைவிட உறுதியானது. 1881இல் ஹென்றி சான்பார்னோடு கூட்டுச் சேர்ந்து, டெக்சாசின் வடமுனையில் சுமார் இரண்டரை லட்சம் ஏக்கரில் தாமே ஒரு மாட்டுப் பண்ணை தொடங்கிவிட்டார். கம்பியை டாட்ஜ் சிட்டி ரயில் நிலையத்திலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவந்தார்கள். மாட்டின் தோலில் சுட்ட பண்ணை முத்திரையைப் பார்த்த மாட்டுக்காரர்கள் அதை வாணலி என்றார்கள். பண்ணைக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

வேலி வெட்டும் போர் என்று படித்தேன். யார் யாருடைய வேலியை வெட்டினார்கள்?
- வாசகர், விழுப்புரம்

நிலம் இல்லாத மாட்டுக்காரர்கள், நிலத்தை வளைத்த பெரிய பண்ணைகளின் வேலியை வெட்டினார்கள். இடம் டெக்சாஸ், உச்சகட்டம் 1883. அந்த வருடம் மழை இல்லை. புல்லும் தண்ணீரும் தேடிப் போன மாடுகளுக்கு முன்னால் எங்கு பார்த்தாலும் கம்பி. தன் நிலத்தைச் சுற்றி வேலி போட்டவரை யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. பலர் அரசு நிலத்தையும் சேர்த்து வளைத்தார்கள். சிறு விவசாயியின் நிலம் உள்ளே மாட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் போகும் பாதை அடைபட்டது, தபால்காரர் போக வழி இல்லை. இரவில் கும்பலாக வந்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒவ்வொரு கம்பியாக வெட்டிவிட்டுப் போனார்கள். சில இடங்களில் துப்பாக்கிச் சண்டையும் உயிர்ச்சேதமும் ஆயின.

ஆளுநர் ஜான் அயர்லாந்து 1884 ஜனவரியில் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். வேலி வெட்டினால் 1 முதல் 5 வருடம் சிறை. மேய்ச்சல் நிலத்துக்குத் தீ வைத்தால் 2 முதல் 5 வருடம். தெரிந்தே அரசு நிலத்தையோ அடுத்தவர் நிலத்தையோ வளைத்தவர்கள் 6 மாதத்துக்குள் வேலியைப் பிரிக்க வேண்டும். பொதுப்பாதைக்குக் குறுக்கே வேலி போட்டவர் 3 மைலுக்கு ஒரு படல் வைத்து அதைப் பழுதில்லாமல் காக்க வேண்டும். தண்டனைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். வெட்டியவனுக்குச் சிறை, வளைத்தவனுக்கு அவகாசம். சட்டம் யார் பக்கம் சாய்ந்தது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. 1885இல் அமெரிக்க நாடாளுமன்றமும் அரசு நிலத்தை வளைப்பதைத் தடுத்துச் சட்டம் போட்டது.

வேலியால் லட்சக்கணக்கான மாடுகள் செத்தன என்கிறார்களே, வேலிக்கும் சாவுக்கும் என்ன தொடர்பு?
- வாசகர், மதுரை

பனிப்புயல் அடித்தால் மாடு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அது தள்ளும் திசையிலேயே நடக்கும். வேலி இல்லாத காலத்தில் கன்சாசில் இருந்த மாடு தெற்கே நடந்து நடந்து, ஏதாவது பள்ளத்தாக்கில் ஒதுங்கிப் பிழைத்துக்கொள்ளும். வசந்தத்தில் எல்லாப் பண்ணை ஆட்களும் சேர்ந்து முத்திரை பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள்.

தெற்கே இருந்த டெக்சாஸ் பண்ணைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. வடக்கு மாடு வந்து தங்கள் புல்லைத் தின்கிறது என்று 1881 முதல் 1885 வரை ஆளுக்கொரு பகுதியாக, மாநிலத்தின் வடமுனையில் கிழக்கு மேற்காகச் சுமார் 200 மைலுக்கு வேலியை இணைத்துவிட்டார்கள். 1886 ஜனவரிப் புயலில் வடக்கிலிருந்து இறங்கிய மாடுகள் அந்த வேலியில் வந்து முட்டின. காற்றை எதிர்த்துத் திரும்பாது, முன்னே போக வழி இல்லை. பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றின்மேல் ஏறின. குளிரில் விறைத்தும் நசுங்கியும் வேலியோரமாகவே குவிந்து செத்தன. அடுத்த குளிர்காலத்தில் மொன்டானா, வயோமிங் பக்கம் நடந்த பேரழிவை இதோடு சேர்த்துச் சொல்வதுண்டு. அங்கே முக்கியக் காரணம் வேறு. அளவுக்கு மீறி மாடு விட்டுப் புல் தீர்ந்திருந்தது, மேலே உறைபனி மூடிவிட்டது.

பண்ணைத் தொழில் அதன்பிறகு முகம் மாறியது. மாட்டைத் திறந்தவெளியில் விட்டுவிட்டு வசந்தத்தில் எண்ணுவது போய், வேலிக்குள் வைத்துக் குளிர்காலத்துக்குக் காய்ந்த புல் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஆற்றுக்குப் போக முடியாத மாட்டுக்காகக் காற்றாலை வைத்து நிலத்தடி நீரை இறைத்தார்கள். பக்கத்துப் பண்ணைக் காளை உள்ளே வராததால், ஹெர்ஃபோர்டு போன்ற இனங்களின் பொலிகாளையை வாங்கி வைத்துக் கலப்பு செய்ய முடிந்தது. நீளக்கொம்பு மாடு சந்தையிலிருந்து மெல்ல விலகியது.

இன்றைக்கு அங்கே ஒரு மைல் வேலி எப்படிப் போடுகிறார்கள்? எங்கள் வேலி இரண்டே வருடத்தில் தொய்ந்துவிடுகிறது, அதனால் கேட்கிறேன்.
- தென்னை விவசாயி, உடுமலை

தொய்வுக்குக் கம்பியைக் குறை சொல்வதற்கு முன்னால் மூலைக்காலைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வேலி அங்கேதான் தோற்கிறது.

ஒரு கம்பியைச் சுமார் 250 பவுண்டு இழுவிசையில் கட்டுகிறார்கள். நாலு கம்பி என்றால் 1,000 பவுண்டு, அதாவது 450 கிலோ. இரவு பகலாக அந்த மூலைக்கால் இந்த இழுப்பைத் தாங்க வேண்டும். ஒற்றைக் கால் தாங்காது. அதனால் எச் எழுத்து போன்ற முட்டு அமைக்கிறார்கள். 8 அடி நீளமுள்ள கனமான மரக்காலை மூன்றரை அடி ஆழத்தில் நடுவது மூலைக்கால். அதிலிருந்து வேலி போகும் திசையில் 8 அடி தள்ளி அதே மாதிரி இரண்டாவது கால். இரண்டுக்கும் நடுவே மேல்பக்கம் படுக்கையாக ஒரு முட்டுக்கட்டை. பிறகு 9 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் பருமன் எண்) வெறும் கம்பியைக் குறுக்காக இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியை நுழைத்து இறுகும்வரை முறுக்குகிறார்கள்.

அந்தக் குறுக்குக் கம்பியின் திசையில் பலர் தவறுகிறார்கள். இரண்டாவது காலின் தலையிலிருந்து மூலைக்காலின் அடிக்கு வர வேண்டும். காரணம் எளிது. வேலி மூலைக்காலின் தலையை உள்பக்கம் இழுக்கிறது. முட்டுக்கட்டை அந்தத் தள்ளலை இரண்டாவது காலின் தலைக்குக் கொண்டுபோகிறது. அந்தத் தலை சாயாமல் பின்னால் இழுத்துப் பிடிக்க ஒரு கை வேண்டும், அதுதான் குறுக்குக் கம்பி. மாற்றிக் கட்டினால் கம்பி தொளதொளவென்று கிடக்கும், ஒரு வேலையும் செய்யாது.

மூலை முடிந்தபின் ஒரு கம்பியை வழிகாட்டியாக இழுத்துக் கட்டி, அதன் ஓரமாகக் கால் நடுகிறார்கள். பதினாறரை அடிக்கு ஒன்று என்றால் மைலுக்கு 320. பெரும்பாலும் டி வடிவ இரும்புக் கால். அதன் மொட்டுகள் உள்ள பக்கம் மாட்டைப் பார்க்க வேண்டும், கம்பியும் அதே பக்கம் வர வேண்டும். மாடு தள்ளும்போது கம்பி காலில் போய்ச் சாயும். வெளிப்பக்கம் கட்டினால் தள்ளும் பாரமெல்லாம் கிளிப்பிலும் ஆணியிலும் விழுந்து பிடுங்கிக்கொள்ளும்.

கம்பிக் கட்டு ஒன்று 1,320 அடி, கால் மைல். நாலு வரிசைக்கு மைலுக்கு 16 கட்டு. கட்டை நிலத்தில் படுக்கப் போட்டு வளையம் வளையமாக உருவக் கூடாது. முறுக்கு மடிந்து கண்ணி விழும், அந்தக் கண்ணியில்தான் பின்னால் அறும். கட்டின் நடுவே இரும்புத் தடியை நுழைத்து உருட்டிக்கொண்டு போக வேண்டும். இழுக்க ராட்செட் (பின்னால் சுழலாத பல்சக்கரம்) வைத்த கம்பி இழுப்பான் உண்டு. டிராக்டரில் கட்டி இழுத்தால் இறுக்கம் எவ்வளவு என்று கைக்குத் தெரியாது. அறுந்த கம்பி சுருண்டு திரும்பி வரும். முகத்தை நோக்கி வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது காலுக்கு மறுபக்கம் நிற்க வேண்டும். தோல் கையுறை, கண்ணாடி கட்டாயம்.

மரக்காலில் ஒன்றேமுக்கால் அங்குல யூ ஆணி அடிக்கிறார்கள். ஆணியின் இரண்டு முனையும் மரத்தின் ஒரே நாரில் இறங்கினால் மரம் பிளக்கும், கொஞ்சம் திருப்பி அடிக்க வேண்டும். ஆணியை முழுக்க அறைந்து கம்பியை நசுக்கிவிடவும் கூடாது. முலாம் அங்கே உடையும், துரு அங்கே பிடிக்கும். போதாததற்கு, கம்பி காலுக்குக் கால் நகர முடியாமல் போகும். ஒரு மரம் விழுந்தால் அந்த அடியை முழுவேலியும் பகிர்ந்து வாங்குவதற்குப் பதில், இரண்டு காலுக்கு நடுவில் உள்ள துண்டு மட்டும் வாங்கி அறும். கம்பி ஆணிக்குள் வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

பள்ளமான இடத்தில் இறுக்கிய கம்பி காலைப் பிடுங்கித் தூக்கும். அங்கே காலை ஆழமாக நட வேண்டும், அல்லது கம்பியில் கனமான கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஓடை குறுக்கிட்டால் வேலியை நேராகக் கொண்டுபோகவே கூடாது. இரண்டு கரையிலும் முட்டு வைத்து முடித்துவிட்டு, நடுவில் தனியாக, வேண்டுமென்றே வலுக்குறைந்த ஒரு துண்டைக் கட்டுகிறார்கள். வெள்ளம் வந்தால் அந்தத் துண்டு மட்டும் பிய்த்துக்கொண்டு போகும், மீதி நிற்கும்.

12 கேஜ், 14 கேஜ் என்கிறார்கள். அமெரிக்கக் கணக்கு வேறா? கிலோவுக்கு எத்தனை மீட்டர் வரும்?
- வாசகர், தருமபுரி

அங்கே பண்ணைகளின் வழக்கமான கம்பி பன்னிரண்டரை கேஜ், விட்டம் 2.5 மில்லிமீட்டர். நம்மூர்க் கடையில் இரண்டு எண் சொன்னால் முதல் எண் நீளக் கம்பிக்கு, அடுத்தது முள்ளுக்கு. எண் கூடினால் கம்பி மெல்லிசு. 2.5 மில்லிமீட்டர் இரட்டைக் கம்பி என்றால் முள்ளோடு சேர்த்துக் கிலோவுக்குப் பத்துப் பதினொரு மீட்டர் வரும். அதைவிட நிறைய வந்தால் இலாபம் என்று நினைக்காதீர்கள், கம்பி மெல்லிசு.

அங்கே பதினைந்தரை கேஜில் உயர் இழுவிசைக் கம்பியும் கிடைக்கிறது. மெல்லிசானாலும் உறுதியில் கிட்டத்தட்டச் சமம், தூக்க இலகு. ஆனால் கூர்மையாக மடித்தால் சட்டென்று முறியும். துரு தின்னவும் அதில் சதை குறைவு. ஆயுளைத் தீர்மானிப்பது துத்தநாகத்தின் கனம். அவர்கள் மூன்றாம் வகுப்பு முலாம் என்பது பன்னிரண்டரை கேஜ் கம்பியில் சதுர அடிக்குச் சுமார் 0.8 அவுன்ஸ், முதல் வகுப்பு அதில் மூன்றில் ஒரு பங்குதான். கையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். பில்லில் முலாம் அளவை எழுதி வாங்குவதே வழி.

முள்கம்பியில் கரண்ட் விடலாமா?
- வாசகர், கூடலூர்

கூடாது. மின்வேலியில் பட்ட உயிர் உடனே விலகிவிட வேண்டும். அதை நம்பித்தான் அந்த முறையே இருக்கிறது. முள்ளில் சிக்கிக்கொண்டால் விலக முடியாது, அடி திரும்பத் திரும்ப விழும். மாட்டுக்கும் இதேதான், மனிதருக்கும் இதேதான்.

கம்பி வேலியில் டெலிபோன் பேசினார்கள் என்பது உண்மையா?
- வாசகர், சென்னை

உண்மைதான். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொலைபேசிக் கம்பெனிகள் எட்டிப் பார்க்காத பண்ணைகளில், வேலியின் மேல்கம்பியையே தொலைபேசிக் கம்பியாக வைத்துக்கொண்டார்கள். கம்பி மரக்காலில் படாமல் இருக்கக் கண்ணாடிப் புட்டியின் கழுத்து, தோல் துண்டு என்று கிடைத்ததை வைத்தார்கள். படல் வரும் இடத்தில் உயரமான இரண்டு கழி நட்டுக் கம்பியை மேலே தூக்கிக் கொண்டுபோனார்கள். ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் எல்லா வீட்டிலும் அடிக்கும். யாருக்கு என்பதை நீள மணி, குட்டை மணி வைத்து அறிந்துகொண்டார்கள். ஒட்டுக்கேட்பு தாராளம். மழையில் மரக்கால் நனைந்தால் பேச்சு மங்கிவிடும்.

காட்டு விலங்குகளுக்கு இந்த வேலி தொல்லை இல்லையா?
- வாசகர், கோத்தகிரி

பெரிய தொல்லை. மேற்குச் சமவெளியின் பிராங்ஹார்ன் என்ற மான் வகை, அந்தக் கண்டத்திலேயே வேகமாக ஓடக்கூடியது. ஆனால் தாண்டாது. வேலிக்கு வந்ததும் குனிந்து அடிக்கம்பிக்குக் கீழே நுழையப் பார்க்கும். முள் முதுகு ரோமத்தை வழித்துவிடும். அதனால் அடிக்கம்பியை முள் இல்லாததாக, தரையிலிருந்து 16 அங்குலத்துக்குக் குறையாமல் வைக்கச் சொல்கிறார்கள். மற்ற மான்கள் தாண்டும். தாண்டும்போது பின்னங்கால் மேல் இரண்டு கம்பிகளுக்கு நடுவே விழுந்தால் அவை முறுக்கிக்கொண்டு காலைப் பிடித்துக்கொள்ளும், மான் தொங்கியே சாகும். அதற்காக மேல் இரண்டுக்கும் நடுவே 12 அங்குலம் விடுகிறார்கள். நாலு கம்பி வேலிக்குச் சொல்லப்படும் உயரம்: 16, 22, 28, 40 அங்குலம். மாடும் நிற்கும், கன்றும் நுழையாது.

பிளேடு மாதிரி இருக்கும் பாதுகாப்பு வேலிக் கம்பியும் இதுவும் ஒன்றுதானா? தோட்டத்துக்குப் போடலாமா?
- வாசகர், திருநெல்வேலி

ஒன்றல்ல. அது எஃகுத் தகட்டை வெட்டிக் கம்பியின்மேல் கவ்வ வைத்தது, சதையை அறுக்கவே செய்தது. கால்நடை இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். பண்ணைக் கம்பியும் போருக்குப் போனது உண்மை. தென்னாப்பிரிக்கப் போயர் போரில் ஆங்கிலேயர் காவல் அரண்களுக்கு நடுவே அதைத்தான் இழுத்துக் கட்டினார்கள். முதல் உலகப் போரில் அது பதுங்குகுழிகளின் முன் காடாகவே வளர்ந்தது.

பழைய முள்கம்பியைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்களாமே? எங்கள் பழைய வேலியைப் பிரிக்கப் போகிறோம், கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?
- வாசகர், பொள்ளாச்சி

சேகரிப்பவர்கள் உண்டு. 18 அங்குலத் துண்டு என்பது அவர்கள் அளவு. கன்சாசின் லாகிராஸ், டெக்சாசின் மெக்லீன் ஆகிய ஊர்களில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. உங்கள் துருக்கம்பிக்கு அங்கே இடம் கிடைப்பது சந்தேகம்.

பிரிக்கும்போது ஒரு துண்டுகூடப் புல்லில் விழ விடாதீர்கள். மாடு மென்று பார்த்துத் தின்பதில்லை, புல்லோடு சேர்த்து விழுங்கிவிடும். இரண்டு அங்குலத் துண்டு போதும். அது இரண்டாம் வயிற்றின் தேன்கூட்டு மடிப்பில் போய்த் தங்கும். வயிறு சுருங்கும்போதெல்லாம் குத்திக் குத்தி முன்னேறும். முன்னால் இருப்பது இதயம். மாடு தீனி எடுக்காது, முதுகை வளைத்து நிற்கும், முன்னங்கால் முழங்கையை வெளியே விரித்து வைக்கும், பால் சட்டென்று குறையும். காரணம் தெரிவதற்குள் கைமீறிவிடும். இதற்காக அங்கே பண்ணைகளில் விரல் பருமனில் ஒரு காந்தத்தை இளம் மாட்டுக்கு வாய்வழியாகக் கொடுத்துவிடுகிறார்கள். அது வயிற்றிலேயே ஆயுள் முழுக்கக் கிடந்து, வரும் இரும்பையெல்லாம் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

கம்பியைத் துண்டு துண்டாக வெட்டாமல், ஆணியைக் கழற்றி, ஒரு முனையிலிருந்து நீளமாகச் சுருட்டுங்கள். வெட்டியே ஆக வேண்டிய இடத்தில், வெட்டும் முன் இரண்டு பக்கமும் ஒருவர் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு கயிற்றில் காந்தத்தைக் கட்டி, வேலி இருந்த தடம் முழுக்க ஒருமுறை இழுத்துக்கொண்டு போங்கள். யூ ஆணிகள் வந்து ஒட்டும். பிரித்த சுருளைத் தோட்டத்து மூலையில் சாத்தி வைக்காமல் அன்றைக்கே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.